மார்ச்சில் முழங்கை போனால்: 2025-இல் யாங்கீஸ் முன் இருந்த வழிகள்

2025 மார்ச் 6 அன்று மின்னசோட்டா ட்வின்ஸுக்கு எதிரான பயிற்சி ஆட்டத்தில் நியூ யார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியின் முன்னணி பிட்சர் (பந்து வீசுபவர்) கெரிட் கோல் மூன்று இன்னிங்ஸைக்கூட முடிக்கவில்லை. ஆறு ரன் கொடுத்தார். பயிற்சி ஆட்டத்தில் ஆறு ரன் போவதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அன்றிரவு வலது முழங்கையில் வலி கூடியதுதான் பெரிய விஷயம். மார்ச் 11 அன்று லாஸ் ஏஞ்சலஸில் டாக்டர் நீல் எலாட்ராஷ் அவருக்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை, அதாவது கிழிந்த முழங்கை நாரை மாற்றும் சிகிச்சை, செய்தார். 2023-இல் அமெரிக்கன் லீகின் சை யங் விருதை, அதாவது சிறந்த பிட்சருக்கான விருதை, ஒரு முதலிட வாக்குகூடச் சிதறாமல் வென்ற பிட்சர், 2025 சீசன் முழுக்கக் களத்துக்கு வெளியே. முதல் ஆட்டம் மார்ச் 27. கையில் இருந்தது பதினாறு நாள்.

அதற்குச் சில நாள் முன்புதான் இன்னொரு அடி விழுந்திருந்தது. 2024-இன் சிறந்த புதுமுக விருதை வாங்கிய லூயிஸ் ஹீலுக்கு லாட் தசையில், அதாவது அக்குளுக்குக் கீழே முதுகுப் பக்கம் ஓடும் பெரிய தசையில், கடுமையான காயம். குறைந்தது ஆறு வாரம் பந்தைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கிளார்க் ஷ்மிட்டின் தோளும் சரியில்லை. அவரும் தாமதமாகத்தான் வருவார். டிசம்பரில் நியூ யார்க் யாங்கீஸிடம் ஸ்டார்ட்டர்கள், அதாவது ஆட்டத்தைத் தொடங்கி முதல் பல இன்னிங்ஸ் வீசும் பிட்சர்கள், தேவைக்கு அதிகமாகவே இருந்தார்கள். எட்டு ஆண்டு, 21.8 கோடி டாலர் ஒப்பந்தத்தில் மேக்ஸ் ஃப்ரீடை வாங்கியாயிற்று. அந்த தைரியத்தில் நெஸ்டர் கோர்டெஸை மில்வாக்கிக்கு அனுப்பி, பதிலுக்கு ஆட்டத்தின் கடைசியில் வீசும் டெவின் வில்லியம்ஸை எடுத்தார்கள். மார்கஸ் ஸ்ட்ரோமனையும் யாராவது வாங்கிக்கொண்டால் போதும் என்று குளிர்காலம் முழுக்க முயன்றார்கள். மார்ச் நடுவில் பார்த்தால், நல்ல உடம்போடு நின்ற ஸ்டார்ட்டர்கள் மூன்றே பேர்: ஃப்ரீட், கார்லோஸ் ரோடோன், யாருக்கும் தள்ளிவிட முடியாமல் போன அதே ஸ்ட்ரோமன்.

இந்த நிலையில் ஒரு அணி என்ன செய்யலாம்? வெளியே பெயர் பெற்ற ஒருவரை வாங்கலாம், டிரேட் (வேறு அணியோடு வீரர்களை மாற்றிக்கொள்வது) செய்யலாம், சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாமில் இருக்கும் மூத்த வீரரை நம்பலாம், இளம் பிட்சருக்கு இடம் கொடுக்கலாம். நான் இளம் பிட்சர் பக்கம். மார்ச்சில் முன்னணி பிட்சர் போய்விட்டால் அவருக்கு நிகரான ஆளைத் தேடக் கூடாது, ஜூலை வரை காலத்தை ஓட்டும் வழியைத் தேட வேண்டும் என்பது என் கருத்து. அது எல்லா அணிகளுக்கும் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். யாங்கீஸுக்கு ஏன் பொருந்தியது என்பதைத்தான் இங்கே எடைபோடப் போகிறேன்.

முதலில் முழங்கை: அறுவையா, காத்திருப்பா

மாற்று ஆளைத் தேடுவதற்கு முன்னால் ஒரு முடிவு இருக்கிறது. கத்தி வைப்பதா, ஓய்வும் பயிற்சியுமாகச் சரிசெய்து பார்ப்பதா? ரோஸ்டர் (அணிப் பட்டியல்) முடிவுகள் எல்லாம் இதற்குப் பின்னால்தான் வரும்.

முழங்கையின் உள்பக்கம் இருக்கும் யுசிஎல் என்ற தசைநார்தான் பிட்சரின் உயிர்நாடி. அது கிழிந்தால் உடம்பின் வேறொரு இடத்திலிருந்து, பெரும்பாலும் முன்கையிலிருந்தோ தொடையின் பின்பக்கத்திலிருந்தோ, ஒரு தசைநாணை எடுத்து அங்கே பொருத்துகிறார்கள். 1974 செப்டம்பரில் டாக்டர் ஃபிராங்க் ஜோப் இதை முதன்முதலாக டாட்ஜர்ஸ் பிட்சர் டாமி ஜானுக்குச் செய்தார். அந்தப் பெயரே சிகிச்சைக்கும் நிலைத்தது. ஜான் 1976-இல் திரும்பி வந்து, அதற்கப்புறம் 164 வெற்றிகள் பெற்றார். ஆனால் குணமாகி வர ஒரு வருடத்திலிருந்து ஒன்றரை வருடம் வரை ஆகும்.

காத்திருந்து பிழைத்தவர்களும் உண்டு. மசாஹிரோ தனாகாவை எடுத்துக்கொள்ளலாம். 2014 ஜூலையில் யாங்கீஸில் முதல் வருடத்திலேயே அவருக்கு யுசிஎல் ஓரளவு கிழிந்தது. அறுவை வேண்டாம் என்று முடிவு செய்து, தன் ரத்தத்திலிருந்து பிரித்த பிளாஸ்மாவை ஊசியாக ஏற்றும் சிகிச்சையும் ஓய்வும் எடுத்தார். அந்த செப்டம்பரிலேயே திரும்பினார். 2020 வரை யாங்கீஸுக்கு வீசினார், அதே முழங்கையோடு.

கோலும் ஒரு முறை இந்த வழியில் தப்பியவர்தான். 2024 மார்ச்சில் இதே வலது முழங்கையில் வலி வந்தபோது, இதே எலாட்ராஷிடம் காட்டினார். நரம்பில் அழற்சி, வீக்கம், அறுவை தேவையில்லை என்று வந்தது. ஜூன் 19-இல் களத்துக்கு வந்து 17 ஆட்டங்களைத் தொடங்கி, அந்த அக்டோபரில் உலகத் தொடர் வரை வீசினார். 2024-இல் எடுத்த முடிவு சரி என்றே நினைக்கிறேன். நார் கிழியாத முழங்கையை முன்ஜாக்கிரதையாகத் திறப்பதில் அர்த்தம் இல்லை.

2025-இல் நிலைமை வேறு. இங்கே நாட்காட்டியைத்தான் பார்க்க வேண்டும். மார்ச் 11-இல் அறுவை என்றால் 2025 போய்விடும், ஆனால் 2026-இன் ஏதோ ஒரு கட்டத்தில் திரும்பி வர வழி இருக்கிறது. மூன்று மாதம் ஓய்வெடுத்துப் பார்த்து, ஜூலையில் மறுபடி வலித்து, அப்புறம் அறுவை என்றால் 2025-உம் போகும், 2026-உம் கிட்டத்தட்ட முழுதாகப் போகும். ஒரு சீசனைக் காப்பாற்றப் போய் இரண்டை இழப்பது போல. கோலுக்கு அப்போது வயது 34, ஒப்பந்தத்தில் மிச்சம் நான்கு சீசன், 14.4 கோடி டாலர். வலி கூடி ஐந்தே நாளில் அறுவை வரை போனதை அவசரம் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். அந்த வேகம்தான் அணிக்கும் அவருக்கும் நல்லது செய்தது. ஜூலையில் சந்தைக்குப் போகலாமா வேண்டாமா என்று தவிக்கும் நிலைமை இல்லாமல், மார்ச்சிலேயே "இந்த ஆள் இல்லை" என்று தெளிவாகிவிட்டது.

மார்ச் மாதம்தான் இப்படி ஆகிறது என்பது தற்செயல் அல்ல. 2024 டிசம்பரில் எம்எல்பி (மேஜர் லீக் பேஸ்பால்) வெளியிட்ட பிட்சர் காயங்கள் பற்றிய அறிக்கையே ஸ்ப்ரிங் டிரெய்னிங் (சீசனுக்கு முந்தைய பயிற்சி முகாம்) காலத்தில் காயங்கள் குவிவதைச் சொல்கிறது. அதே அறிக்கையின்படி, 2008-இல் மணிக்கு 91.3 மைலாக இருந்த சராசரி ஃபாஸ்ட்பால் வேகம் 2024-இல் 94.2 மைல். குளிர்காலம் முழுக்கத் தனியாகப் பயிற்சி செய்து, முகாமுக்கு வரும்போதே உச்ச வேகத்தில் வருகிறார்கள். முன்பெல்லாம் முகாமில் மெதுவாக உடம்பை ஏற்றிக்கொண்டு போவார்கள். இன்று முதல் வாரத்திலேயே இடத்துக்குப் போட்டி, முதல் வாரத்திலேயே முழு வீச்சு. இது வீரர்களின் தவறு என்று சொல்ல எனக்கு மனமில்லை. வேகத்துக்குத்தான் சம்பளம் என்று அணிகள் காட்டிவிட்ட பிறகு அவர்கள் வேறென்ன செய்வார்கள்?

நிரப்ப வேண்டியது எது

மாற்று ஆள் பற்றிப் பேசும் முன் ஒரு கணக்கு. ஒரு சீசனுக்கு 162 ஆட்டம், ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ் என்றால் ஒரு அணி சுமார் 1,458 இன்னிங்ஸ் வீச வேண்டும். கோல் 2023-இல் மட்டும் 209 இன்னிங்ஸ் வீசினார், ஈஆர்ஏ 2.63. ஈஆர்ஏ என்றால், ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக அவர் பொறுப்பில் போன ரன்கள். பிழைகளால் வந்த ரன்கள் கணக்கில் சேராது. 3-க்குக் கீழே இருந்தால் மிகச் சிறப்பு, 4-ஐ ஒட்டி இருந்தால் நடுத்தரம், 5-ஐத் தாண்டினால் இடம் ஆடும்.

2.63-ஐ மார்ச்சில் எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆனால் ஸ்டார்ட்டராக நின்று 150, 160 இன்னிங்ஸ் தாங்கும் ஓர் ஆளை உருவாக்க முடியும். தரத்தை ஈடுகட்டும் வேலை ஃப்ரீடுக்கும் ரோடோனுக்கும், எண்ணிக்கையை ஈடுகட்டும் வேலை புதியவருக்கு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காதவர்கள்தான் மார்ச்சில் பதறி விலை கொடுக்கிறார்கள்.

வெளிச்சந்தை

மார்ச் நடுவில் ஒப்பந்தம் இல்லாமல் இருந்த ஸ்டார்ட்டர்களில் கைல் கிப்சன் முக்கியமானவர். 37 வயது. 2024-இல் செயின்ட் லூயிஸுக்கு 169 இன்னிங்ஸுக்கு மேல் வீசி 4.24 ஈஆர்ஏ வைத்திருந்தார். வருடா வருடம் ஓடும் நம்பகமான கை. அவர் பால்டிமோருடன் ஓராண்டுக்கு 52.5 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் செய்தார். அந்தத் தொகையைப் பார்த்தால் யாங்கீஸ் ஏன் எடுக்கவில்லை என்று கோபம் வரும்.

ஆனால் யாங்கீஸுக்கு அது 52.5 லட்சம் இல்லை. ஆடம்பர வரி என்று ஒன்று இருக்கிறது. 2025-இல் சம்பளப் பட்டியல் 24.1 கோடி டாலரைத் தாண்டினால் வரி தொடங்கும், 30.1 கோடியைத் தாண்டிய பகுதிக்கு, தொடர்ந்து மூன்றாம் வருடமாகவோ அதற்கு மேலோ வரி கட்டும் அணிக்கு 110 சதவீதம். யாங்கீஸ் அந்த உச்ச வரம்பைத் தொட்டுத் தாண்டி நின்றார்கள். எனவே கிப்சனுக்கு ஒரு டாலர் கொடுத்தால் லீகுக்கு இன்னொரு டாலரும் பத்து சென்ட்டும் போகும். 52.5 லட்சம் என்பது சுமார் 1.1 கோடி ஆகிவிடும். நடுத்தர இன்னிங்ஸுக்கு அந்த விலை அதிகம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மார்ச் மூன்றாம் வாரத்தில் ஒப்பந்தமாகும் ஸ்டார்ட்டர் உடனே ஐந்து இன்னிங்ஸ் வீச முடியாது. அவர் தனியாக எங்கோ பயிற்சி செய்துகொண்டிருந்தாலும், உண்மையான பேட்டர்களுக்கு எதிராக 30 பந்து, 45 பந்து, 60 பந்து என்று ஏற்றிக்கொண்டு வர ஒரு மாதம் ஆகும். ஏப்ரலில் ஓட்டை இருக்கும்போது ஏப்ரல் கடைசியில் வரும் ஆளை வாங்குவதில் பாதிப் பயன்தான். கிப்சன் பால்டிமோரில் நான்கே ஆட்டங்கள் தொடங்கி, 16.78 ஈஆர்ஏவோடு மே மாதத்திலேயே விடுவிக்கப்பட்டார். இப்படி ஆகும் என்று யாரும் மார்ச்சில் கணித்திருக்க முடியாது. ஆனால் 37 வயதில், முகாம் இல்லாமல், ஏப்ரல் கடைசியில் நேராகக் களத்துக்கு வருவது அபாயம் என்று மார்ச்சிலேயே தெரியும்.

டிரேட்

சான் டியேகோவின் டிலன் சீஸ், மயாமியின் சாண்டி அல்காந்தாரா என்று இரண்டு பெயர்கள் அப்போது செய்திகளில் அடிபட்டன. இருவரும் பெரிய கைகள். அல்காந்தாரா 2022-இல் சை யங் வென்றவர். ஆனால் அவரே டாமி ஜான் அறுவை முடித்து 2024 முழுக்க ஆடாமல் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பிக்கொண்டிருந்தார். ஒரு முழங்கை போன இடத்தில், அதே பழுது பார்த்து வந்த இன்னொரு முழங்கையை உச்ச விலைக்கு வாங்குவதா?

சீஸ் கதை வேறு. ஆரோக்கியமானவர், வருடத்துக்கு 32, 33 ஆட்டங்கள் தவறாமல் தொடங்குபவர். இந்த வழியை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. ஆனால் அவருக்கு ஒப்பந்தத்தில் மிச்சம் ஒரே சீசன், சம்பளம் 1.375 கோடி டாலர், வரியோடு சுமார் 2.89 கோடி. அதற்கு மேல் சான் டியேகோ கேட்கும் இளம் வீரர்கள். மார்ச்சில் விற்பவர் கை ஓங்கியிருக்கும். சீசன் தொடங்கவில்லை, எந்த அணியும் தோற்றுப்போய்விட்டதாக நினைக்கவில்லை, யாருக்கும் விற்கும் அவசரம் இல்லை. ஜூலையில் பத்து அணிகள் விற்கத் தயாராக இருக்கும். அதே பொருளை அவசரமுள்ள மாதத்தில் வாங்குவதும் அவசரமில்லாத மாதத்தில் வாங்குவதும் ஒன்றல்ல.

சீஸின் 2025 ஈஆர்ஏ 4.55. அல்காந்தாராவுடையது 5.36. பின்னால் தெரிந்த எண்களை வைத்து மார்ச் முடிவைத் தீர்ப்பது நியாயமில்லை என்பதால், இவற்றை வாதமாக வைக்கவில்லை. பெரிய பெயரும் காப்பீடு ஆகாது என்பதற்காக மட்டும் சொல்கிறேன்.

ஸ்ட்ரோமன்

இவரைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 1.85 கோடி டாலர் சம்பளம் எப்படியும் போகப் போகிறது. 2024-இல் 154 இன்னிங்ஸ், 4.31. முகாமின் தொடக்கத்திலேயே, தான் ஸ்டார்ட்டர், புல்பென்னிலிருந்து, அதாவது ஸ்டார்ட்டருக்குப் பின் வரும் மாற்று பிட்சர்களில் ஒருவராக, வீச மாட்டேன் என்று சொல்லி எரிச்சலைக் கிளப்பியிருந்தார். கோல் விழுந்ததும் அந்த வாக்குவாதமே அர்த்தமற்றுப் போனது. இடம் அவருடையது. ஒப்பந்தத்தில் ஒரு நுணுக்கம்: 2025-இல் 140 இன்னிங்ஸ் வீசிவிட்டால் 2026-க்கு 1.8 கோடி டாலரைத் தானே தேர்ந்துகொள்ளும் உரிமை அவருக்குக் கிடைக்கும். அதனால் அவரை ஏப்ரல், மே மாதங்களில் பயன்படுத்திக்கொண்டு, ஹீலும் ஷ்மிட்டும் திரும்பியதும் மறுபடி யோசிப்பது என்பதே அறிவுள்ள திட்டம். நடந்தது அதைவிடச் சீக்கிரம் முடிந்தது. மூன்று ஆட்டங்களுக்குப் பிறகு முழங்கால் பிரச்சினை, ஜூன் கடைசியில் திரும்பி வந்தார், ஆகஸ்ட் 1-இல் விடுவிக்கப்பட்டார்.

மூத்தவரா, இளையவரா

ரொட்டேஷனில், அதாவது முறைவைத்து ஆட்டங்களைத் தொடங்கும் ஐந்து ஸ்டார்ட்டர்களின் வரிசையில், மிச்சமிருந்த இரண்டு இடங்களுக்கு முகாமுக்குள்ளேயே இருந்த இருவர்தான் உண்மையான போட்டி: கார்லோஸ் கராஸ்கோவும் வில் வாரனும். இந்த ஒப்பீட்டில்தான் ஸ்ப்ரிங் டிரெய்னிங்கின் விதிகள் எல்லாம் வந்து மோதுகின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம்.

கராஸ்கோவுக்கு அந்த மார்ச் 21-இல் 38 வயது ஆனது. 2019-இல் ரத்தப் புற்றுநோய் வந்தும் அதே வருடம் செப்டம்பரில் களத்துக்குத் திரும்பியவர். இந்த ஆட்டத்தில் அவர்மேல் மரியாதை இல்லாதவர் யாரும் கிடையாது. ஆனால் 2024-இல் கிளீவ்லாண்டில் அவர் ஈஆர்ஏ 5.64. மைனர் லீக் (மேஜர் லீகுக்குக் கீழ்நிலை) ஒப்பந்தத்தில், மேஜர் லீகில் ஆடத் தகுதியுள்ளவர்களின் 40 பேர் பட்டியலில் இடமில்லாத அழைப்பாளராக டாம்பாவில் நடந்த யாங்கீஸ் முகாமுக்கு வந்தார். பயிற்சி ஆட்டங்களில் நன்றாகவே வீசினார்.

வாரன் 2021 டிராஃப்டில் (அணிகள் புது வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில்) எட்டாவது சுற்றில் வந்தவர். 2024-இல் மேஜர் லீகில் எட்டிப் பார்த்தபோது ஆறு ஆட்டங்களில் 10.32 ஈஆர்ஏ. அந்த எண்ணைப் பார்த்தால் யாருக்கும் பயம் வரும். அவரும் 2025 முகாமில் நன்றாக வீசினார்.

பயிற்சி ஆட்ட எண்களை எடுத்து இருவரையும் ஒப்பிடக் கூடாது. மார்ச்சில் பேட்டர்கள் தங்கள் நேரத்தைத்தான் சரிபார்க்கிறார்கள். ஐந்தாவது இன்னிங்ஸுக்கு மேல் எதிரே நிற்பவர்கள் பாதிப் பேர் மைனர் லீக் இளைஞர்கள். பிட்சரும் புதிதாகக் கற்ற ஒரு பந்தை அன்று முழுக்க வீசிப் பார்த்து ரன் கொடுத்துக்கொண்டிருப்பார். எண்களைவிட, பந்து எப்படி நகர்கிறது, வேகம் நான்காவது இன்னிங்ஸிலும் நிற்கிறதா, இடது கை பேட்டர்களுக்கு எதிராக ஒரு ஆயுதம் இருக்கிறதா என்பதைப் பார்க்க வேண்டும். அந்தக் கண்ணோடு பார்த்தால் 38 வயதுக் கை கீழே இறங்கிக்கொண்டிருக்கிறது, 25 வயதுக் கை இன்னும் மேலே போக இடம் இருக்கிறது.

விதிகளையும் பார்ப்போம். கராஸ்கோவைச் சேர்க்க 40 பேர் பட்டியலில் ஓர் இடம் வேண்டும். கோலை 60 நாள் காயப் பட்டியலில் போட்டால் அந்த இடம் கிடைக்கும். அங்கே போகிறவர் 40-இல் கணக்கில் வரமாட்டார். ஒரு பிட்சரின் துரதிர்ஷ்டம் இன்னொருவருக்கு வேலை கொடுப்பது இப்படித்தான். ஆனால் கராஸ்கோவைச் சேர்த்த பிறகு அவரை மைனர் லீகுக்குத் திருப்பி அனுப்புவது எளிதல்ல. ஐந்து வருடம் மேஜர் லீக் சேவை முடித்தவரை அவர் சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது. சரியில்லை என்றால் விடுவிக்கத்தான் வேண்டும். வாரன் ஏற்கெனவே 40-இல் இருந்தார், கையில் ஆப்ஷனும் (அவரை மைனர் லீகுக்கு அனுப்பித் திரும்ப அழைக்கும் அணியின் உரிமை) மிச்சம் இருந்தது. தடுமாறினால் ஸ்க்ராண்டனில் உள்ள டிரிபிள்-ஏ (மைனர் லீகின் மேல்நிலை) அணிக்கு அனுப்பி, சரிசெய்து, திரும்பக் கூப்பிடலாம். எதையும் இழக்க வேண்டாம்.

இதை வைத்துப் பல அணிகள் தலைகீழான முடிவுக்கு வருகின்றன. மூத்தவரை அனுப்பினால் இழப்போம், இளையவரை அனுப்பினால் இழக்க மாட்டோம், எனவே மூத்தவரை ரோஸ்டரில் வை, இளையவரை கீழே வை என்கிறார்கள். ஆட்களைக் கையில் வைத்திருக்கும் கணக்கு என்ற அளவில் அது சரி. ஆனால் அதனால் நல்ல கைக்குப் போக வேண்டிய இன்னிங்ஸ் தேய்ந்த கைக்குப் போகிறது. ஆப்ஷன் என்பது இளையவரைக் கீழே வைப்பதற்கான காரணமாக இல்லாமல், அவரைத் துணிந்து மேலே வைப்பதற்கான பாதுகாப்பாக இருக்க வேண்டும். யாங்கீஸ் இருவரையும் வைத்தார்கள், வாரனை முதல் வாரத்திலிருந்தே ஸ்டார்ட்டராக்கினார்கள். அந்த ஒரு முடிவுக்காக அவர்களைப் பாராட்டுகிறேன். ஏப்ரலில் வாரன் தள்ளாடியபோதும் கீழே அனுப்பாமல் வைத்திருந்ததற்காக இன்னும் அதிகமாக.

வாரன் 33 ஆட்டங்களைத் தொடங்கினார். 162 இன்னிங்ஸ், 171 ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது), 4.44 ஈஆர்ஏ. கோல் அல்ல. ஆனால் நிரப்ப வேண்டிய எண்ணிக்கையை, லீகின் குறைந்தபட்சச் சம்பளத்தை ஒட்டிய தொகைக்கு நிரப்பினார். கராஸ்கோவின் ஈஆர்ஏ 5.91, மே முதல் வாரத்தில் அணியிலிருந்து நீக்கப்பட்டார்.

செயின்ட் லூயிஸ் செய்தது

இந்த வழிக்கு ஒரு நல்ல முன்மாதிரி 2011 செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். அந்த பிப்ரவரியில், முகாம் தொடங்கிய சில நாளிலேயே ஆடம் வெயின்ரைட்டின் முழங்கை போனது. முந்தைய வருடம் 20 வெற்றி, 2.42 ஈஆர்ஏ, 230 இன்னிங்ஸ் கொடுத்தவர். அன்றைக்கே சீசன் முடிந்தது என்று எழுதியவர்கள் உண்டு. செயின்ட் லூயிஸ் வெளியே ஓடவில்லை. புல்பென்னில் இருந்த கைல் மெக்லெலனை ரொட்டேஷனுக்குக் கொண்டுவந்தார்கள். அவர் 17 ஆட்டங்களைத் தொடங்கினார், சுமாராகத்தான் வீசினார். ஆனால் அணி போட்டியில் நின்றது. ஜூலை கடைசியில், எது தேவை என்று தெளிவாகத் தெரிந்த பிறகு, கோல்பி ராஸ்மஸைக் கொடுத்த ஒரு பெரிய டிரேடில் ஸ்டார்ட்டர் எட்வின் ஜாக்சனையும் சில புல்பென் கைகளையும் எடுத்தார்கள். மெக்லெலன் புல்பென்னுக்கே திரும்பினார். அக்டோபரில் உலகத் தொடரை வென்றார்கள்.

எல்லாம் மெக்லெலனால் என்று சொல்லவில்லை. பேட்டர்கள் ஆல்பர்ட் பூஹோல்ஸும் டேவிட் ஃப்ரீஸும் இல்லாமல் அந்தக் கோப்பை கிடையாது. ஆனால் பிப்ரவரியில் ராஸ்மஸைக் கொடுத்து யாரையாவது வாங்கியிருந்தால், ஜூலையில் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இருந்திருக்காது.

எதிர்வாதம் ஒன்று, வலுவானது

2025-இல் யாங்கீஸும் டொரொன்டோவும் 94-68 என்று சமமாக முடித்தன. இரண்டு அணிகளும் நேருக்கு நேர் மோதியதில் டொரொன்டோ மேலே இருந்ததால் டிவிஷன் (லீகின் ஒரு பிரிவு) பட்டம் அவர்களுக்குப் போனது. யாங்கீஸ் வைல்ட் கார்டு என்ற முதல் சுற்றில் பாஸ்டனை வென்று, அடுத்த சுற்றான டிவிஷன் தொடரில் அதே டொரொன்டோவிடம் 3-1 என்று தோற்றார்கள். ஒரே ஒரு வெற்றி கூடுதலாக இருந்திருந்தால் பட்டமும், முதல் சுற்று ஓய்வும், சொந்த மைதானமும் கிடைத்திருக்கும். மார்ச்சில் சீஸ் போன்ற ஒருவரை எடுத்திருந்தால் அந்த ஒரு வெற்றி வந்திருக்காதா?

வந்திருக்கலாம். இதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் இந்த வாதம் வைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மார்ச்சில் வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்து வாரனை ஸ்க்ராண்டனுக்கு அனுப்பியிருந்தால், ஜூலையில் ஷ்மிட்டுக்கும் டாமி ஜான் அறுவை என்று வந்தபோது ரொட்டேஷனில் பழகிய இளம் கை ஒன்று குறைந்திருக்கும். அதே ஜூலையில்தான் மார்ச்சில் யார் வாயிலும் அடிபடாத கேம் ஷ்லிட்லரை மேலே அழைத்தார்கள். அவர் 14 ஆட்டங்களில் 2.96 ஈஆர்ஏ. அக்டோபர் 2-இல், தோற்றால் வீடு என்ற ஆட்டத்தில், பாஸ்டனுக்கு எதிராக 8 இன்னிங்ஸ், ரன் இல்லை, வாக் (தவறான பந்துகளால் பேட்டருக்கு இலவசமாகக் கிடைக்கும் முதல் பேஸ்) இல்லை, 12 ஸ்ட்ரைக்அவுட். சந்தையில் வாங்கிக் குவித்திருந்தால் ஷ்லிட்லருக்கு ஜூலையில் கதவு திறந்திருக்குமா என்பது என் கேள்வி. டிரேடில் அவர் பெயரே போயிருக்கவும் வாய்ப்பு உண்டு.

பேட்டிங் பக்கத்திலும் அதே முகாமில் இதே கேள்வி வந்தது, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜியன்கார்லோ ஸ்டாண்டனுக்கு இரண்டு முழங்கைகளிலும் வலி, ஜூன் வரை இல்லை. அந்த இடத்துக்கு மூத்தவர் டொமினிக் ஸ்மித், இளையவர் பென் ரைஸ். இருவரும் இடது கை பேட்டர்கள். ரைஸுக்குக் கொடுத்தார்கள். 26 ஹோம் ரன் அடித்தார். ஸ்டாண்டன் திரும்பியதும் ரைஸை ஃபர்ஸ்ட் பேஸிலும் கேட்சராகவும் நகர்த்த முடிந்தது. ஒரே இடத்தில் மட்டும் ஆடும் மூத்தவரை வைத்திருந்தால் அந்த நெகிழ்வு கிடைத்திருக்காது.

முகாமின் கடைசி வாரம்

பலரும் கணக்கில் எடுக்காத இன்னொரு வழி இருக்கிறது, எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது. மார்ச் இருபதுக்கு மேல் எல்லா முகாம்களிலும் இடம் கிடைக்காத மூத்த வீரர்கள் வெளியே வருவார்கள். மைனர் லீக் ஒப்பந்தத்தில் இருக்கும் அனுபவசாலிகள் பலருக்கு, முதல் ஆட்டத்துக்கு ஐந்து நாள் முன்பும், மே 1, ஜூன் 1 தேதிகளிலும் "மேலே சேர், இல்லையென்றால் விடு" என்று கேட்கும் உரிமை விதியிலேயே உண்டு. மற்றவர்கள் ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிக்கொள்வார்கள். இவர்கள் வேறு ஓர் அணியின் செலவில் முழு முகாமும் முடித்தவர்கள். கிப்சனைப் போல ஒரு மாதம் தயாராக வேண்டியதில்லை. விலையும் குறைவு. டிரேட் மாதிரி யாரையும் கொடுக்கவும் வேண்டாம்.

யாங்கீஸ் இந்த வாசலில்தான் ரயன் யார்ப்ரோவைப் பிடித்தார்கள். டொரொன்டோ முகாமில் இடம் கிடைக்காமல் வெளியே வந்தவர், சுமார் 20 லட்சம் டாலர். இடது கை, ஃபாஸ்ட்பால் மணிக்கு 140 கிலோமீட்டரைச் சுற்றி. இன்றைய அளவில் ரொம்ப மெதுவு. ஆனால் டாம்பா பே ரேஸில் இருந்தபோது, முதல் இன்னிங்ஸை இன்னொருவர் வீச, இரண்டாவதிலிருந்து நாலைந்து இன்னிங்ஸ் தாங்கும் வேலையைச் செய்தே 2018-இல் 16 வெற்றி எடுத்தவர். புல்பென்னுக்கும் பொருந்துவார், ஸ்டார்ட்டராகவும் நிற்பார்.

அவரை வாங்கியது சரி. ஆனால் ஏப்ரல் முழுக்க புல்பென்னில் வைத்துவிட்டு, கராஸ்கோ ஆறு ஆட்டங்களைத் தொடங்கி விழுந்த பிறகு, மே மாதத்தில்தான் ஸ்டார்ட்டராக்கினார்கள். எட்டு ஆட்டங்களைத் தொடங்கிய யார்ப்ரோ, காயம் வந்தும் சீசனை 4.36 ஈஆர்ஏவோடு முடித்தார். இந்த ஒப்பீடு முழுவதிலும் அணியோடு நான் முரண்படும் இடம் இதுதான். கோலின் 60 நாள் இடத்தை யார்ப்ரோவுக்கே கொடுத்து, கராஸ்கோவின் அந்த ஆறு ஸ்டார்ட்களை, முன்னால் ஓர் இன்னிங்ஸுக்கு இன்னொரு பிட்சரை வைத்தாவது, ஏப்ரல் முதல் வாரத்திலேயே அவர் கையில் கொடுத்திருக்க வேண்டும்.